வட்டி அப்புறம், முதலில் தவணையைச் சொல்லுங்கள்

கடன் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் வட்டியைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "போடுற காசு எத்தனை நாள்ல கைக்குத் திரும்பும்?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். எவ்வளவு கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்திருப்பார்கள், இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

மதுரையில் ஜெய்ஹிந்த்புரம் பக்கம் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆடிட்டர் எல்லாம் இல்லை. ஜிஎஸ்டி தாக்கல் செய்வேன், உத்யம் என்கிற சின்னத் தொழில்களுக்கான அரசுப் பதிவைப் போட்டுக் கொடுப்பேன் (அது இலவசம், ஆயிரம், இரண்டாயிரம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்), பேங்குக்குப் போகிறவர்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தருவேன். மாவுக்கடை, தையல்கடை, வெல்டிங் பட்டறை, இரண்டு மூன்று பரோட்டா கடை, பூக்காரர்கள். இவர்கள் நோட்டைப் பிரித்தால் எல்லாக் கடனும் இருக்கும். குழு (நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து அடமானமில்லாமல் தருகிற சின்னக் கடன்), தண்டல், ஏலச்சீட்டு, நகை, மச்சினன் கொடுத்தது. பேங்க் கடன் மட்டும் பல நோட்டுகளில் இருக்காது.

நுண்கடன் பற்றிப் படிக்கப்போனால் ஒன்று வரப்பிரசாதம் என்கிறார்கள், இல்லாவிட்டால் கழுத்துக்குச் சுருக்கு என்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஒரே குழுவில், ஒரே நாளில், ஒரே தொகையை வாங்கிய இரண்டு பேரில் ஒருத்தர் நிமிர்ந்ததையும் ஒருத்தர் மூழ்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வட்டி ஒன்றுதான். தொழில்தான் வேறு.

வட்டிக் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன், அது சுலபம். எங்கள் பக்கம் யாரும் வருஷக் கணக்கில் வட்டி பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. தெரிந்தவர்களுக்குள் ரெண்டு வட்டி நியாயமான வட்டி, மூணு வட்டி சகஜம், அதற்கு மேல் அவசரக்காரர்களுக்கு. பத்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துக்கு அப்புறமும் இருக்கத்தான் செய்கின்றன. நுண்கடன் நிறுவனம் 24 சதவீதம் என்று காகிதத்தில் போட்டிருந்தால் அது நம் கணக்கில் ரெண்டு வட்டி. பேங்கில் 11 சதவீதம் என்றால் ஒரு வட்டிக்கும் கீழே.

ஆனால் குழுவுக்கு ஆள் சேர்க்க வருகிற தம்பி 24 என்று சொல்ல மாட்டார். "பதிமூணு பர்சன்ட் தான்க்கா" என்பார். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. 50,000 ரூபாய், 24 மாதம், 24 சதவீதம் குறையும் வட்டி (மிச்சம் இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி) என்றால் மாதத் தவணை சுமார் 2,644. மொத்தம் கட்டுவது 63,450 சொச்சம். வட்டி மட்டும் 13,450. அதை இரண்டு வருஷத்துக்கு வகுத்து 50,000க்கு எவ்வளவு என்று பார்த்தால் பதிமூன்றரை சதவீதம் வரும். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், கடைசி மாதம் உங்கள் கையில் அவர்கள் காசு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது என்பதை அந்தப் பதிமூன்றரை சொல்லாது. ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். கேட்டு வாங்குங்கள். தம்பி வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் நேர்மையாகப் பேசும்.

சரி, வட்டி முடிந்தது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மல்லி வாங்கிக் கட்டி விற்கிற ஓர் அம்மா எனக்கு ரொம்ப நாள் பழக்கம். என்னை 'தாயி' என்றுதான் கூப்பிடும். காலையில் போட்ட காசு ராத்திரி கோயில் நடை சாத்துவதற்குள் திரும்பி வந்துவிடும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் மல்லி முகூர்த்த நாளில் கிலோ மூவாயிரத்தைத் தாண்டிப் போகும், அன்றைக்கு முதல் அதிகம் வேண்டும். அதற்குத் தண்டல். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் கிடைப்பது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நான் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வருஷத்துக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது பத்து வட்டி. பத்து வட்டி என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா அடிக்க வந்திருக்கும்.

அதுக்குப் பதிலாகத் தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் போடலாம் என்றேன். 2020 ஜூன் மாதம், கொரோனாவில் தெருவே காலியாகக் கிடந்தபோது வந்த திட்டம். முதல் தடவை 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, அப்புறம் 50,000 என்று இருந்தது. 2025இல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று ஏற்றினார்கள். அடமானம் கிடையாது. நேரத்துக்குக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் கணக்குக்கு வரும். 15,000 ரூபாயை 12 சதவீதத்தில் ஒரு வருஷத்தில் கட்டினால் மாதம் 1,333, மொத்த வட்டியே ஆயிரம் ரூபாய்க்குள். தண்டலில் ஒரு தடவைக்கே 1,500.

அந்த அம்மா சொன்ன பதில்தான் முக்கியம். "மாசக் கடைசில ஆயிரத்து முந்நூறு எங்கிட்ட எங்க தாயி நிக்கும்? அவன் தெனமும் வந்து பிடுங்கிட்டுப் போறான், அதனால கட்டுறேன்." நான் காகிதத்தில் எத்தனை சதவீதம் போட்டுக் காட்டினாலும் இதற்குப் பதில் இல்லை. தினம் வருகிற காசுக்குத் தினம் போகிற தவணை பொருந்துகிறது, அவ்வளவுதான். தண்டல்காரர் விற்பது கடனை மட்டும் இல்லை, வசூலையும் சேர்த்துத்தான். கடைசியில் க்யூஆர் அட்டைதான் வழி செய்தது. ஜீபேயில் வருகிற காசு அந்தக் கடன் கணக்கு இருக்கிற பேங்குக்கே போகும்படி வைத்தோம். பூ வாங்குகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் போனில்தான் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 45 ரூபாய் அங்கே தங்கினால் தவணை ஆயிற்று. தங்குகிறது. தண்டல் அடியோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை, சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒன்று எடுக்கிறது. எடுக்கட்டும்.

நுண்கடனின் பிறப்பே இப்படி ஒரு தொழிலில்தான். 1976இல் வங்காளதேசத்தில் சிட்டகாங் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் கொடுத்தார். மூங்கில் முக்காலி பின்னுகிற பெண்கள் வியாபாரியிடம் மூங்கிலுக்குக் கடன் வாங்கி, அவர் சொன்ன விலைக்கு அவரிடமே முக்காலியை விற்றுக்கொண்டிருந்தார்கள். காலையில் மூங்கில், சாயங்காலம் முக்காலி. பூக்கார அம்மா மாதிரியே ஒரே நாளில் புரள்கிற முதல். அந்தக் கணக்குக்கு வாரத் தவணை அழகாகப் பொருந்தியது. 1983இல் கிராமீன் வங்கி ஆனது, 2006இல் நோபல் பரிசு கிடைத்தது, உலகம் முழுக்க அதே அச்சில் வாரத் தவணைக் கடன் பரவியது. முக்காலிக்குத் தைத்த சட்டையை மற்ற எல்லாத் தொழிலுக்கும் போட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது மாவு அக்கா. வீட்டில் டேபிள் டாப் கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு ஹோட்டல்கள் தினமும் மாவு கேட்டன. அந்தச் சின்ன மோட்டார் தாங்காது. மூடப்போகிற ஒரு மெஸ்ஸில் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டரும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும் சேர்த்து 50,000க்குத் தருவதாகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் காசு வேண்டும், ரொக்கமாக.

பேங்குக்குப் போனோம். சின்னத் தொழில்களுக்கு பேங்க் வழியாகக் கொடுக்கிற அரசுத் திட்டமான முத்ரா கடன் 2015 ஏப்ரலில் வந்தது. அதில் சிஷு என்பது 50,000 வரைக்கும், கிஷோர் 5 லட்சம் வரைக்கும், தருண் 10 லட்சம், இப்போது தருண் பிளஸ் என்று 20 லட்சம் வரைக்கும் போகிறது. அடமானம் கேட்கக்கூடாது. மேனேஜர் நல்ல மனிதர், முடியாது என்று சொல்லவில்லை. டீலரிடமிருந்து கொட்டேஷன் கொண்டு வாருங்கள், பணத்தை டீலர் கணக்குக்கே அனுப்புகிறோம் என்றார். மூடுகிற மெஸ்ஸுக்கு டீலரும் இல்லை, ஜிஎஸ்டி பில்லும் இல்லை. புதுசாக வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். பேங்க் வழி சரியாக இருந்தும் பழைய சாமான் வாங்குகிறவருக்கு அது உதவாமல் போகிற இடம் இது. சின்னத் தொழிலில் பாதிச் சாமான் செகண்ட் ஹேண்ட்தான். வெல்டிங் மெஷின், தையல் மெஷின், பரோட்டாக் கல் எல்லாமே யாரோ கடையை மூடும்போது கை மாறுவது. இதற்கு ஒரு பேங்க் படிவம் இன்னும் வரவில்லை.

குழுவில் பத்து நாளுக்குள் கிடைத்தது. ஆதார், வோட்டர் ஐடி, வீட்டுக்கு வந்து ஒரு பார்வை, கிரெடிட் பீரோவில் (யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டினார் என்று பதிவு வைக்கிற நிறுவனம்) ஏற்கெனவே எத்தனை கடன் என்று ஒரு சோதனை. ப்ராசசிங் ஃபீஸும் இன்ஷூரன்ஸும் பிடித்துக்கொண்டு மீதி அக்கா கணக்குக்கு வந்தது. மெஸ்காரரும் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். கிரைண்டர் வீட்டுக்கு வந்தது.

வாடகை வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டு, வீட்டு மீட்டரில் இதை ஓட்டக்கூடாது, எனக்கு அபராதம் வரும் என்றார். அவர் சொன்னது நியாயம். கடைக்கான தனி மின் இணைப்பு வாங்க அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், அவரோ மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். கிரைண்டர் துணி போர்த்தி மூலையில் கிடந்தது, தவணை மட்டும் ஆரம்பித்துவிட்டது. முதல் இரண்டு தவணையை அக்கா எப்படிக் கட்டினார் என்று நினைக்கிறீர்கள்? தண்டல் எடுத்து. ரெண்டு வட்டிக் கடனைக் கட்டப் பத்து வட்டிக் கடன்.

எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலான பொருளாதார ஆய்வாளர்கள் கொல்கத்தாவில் ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். நுண்கடன் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் முதல் தவணை. இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், பின்னாளில் லாபமும் கூடுதலாக வந்தது. கூடவே, கட்டாமல் விட்டவர்களும் அதில்தான் அதிகம். நிறுவனங்கள் ஏன் அவகாசம் தருவதில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அக்கா வீட்டு மூலையில் கிடந்த கிரைண்டர்தான் கண்ணில் நின்றது. மின் இணைப்பு வருகிற வரைக்கும் தவணை பொறுத்திருந்தால் தண்டலே தேவைப்பட்டிருக்காது.

அக்காவை அதிலிருந்து எடுத்தது நகை. பேங்கில் சங்கிலியை வைத்துத் தண்டலை அடைத்தார், இரண்டு மாதத் தவணைக்கும் எடுத்து வைத்தார். நகைக் கடனைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. எங்கள் ஊரில் உண்மையான தொழில் வங்கி அதுதான். குழுக் கடனில் பாதி வட்டிகூட வராது, வாரா வாரம் யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள், வருஷ முடிவில் அசலும் வட்டியும். மெஷின் வாங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தவணை இல்லை. சங்கிலி இருக்கிறவருக்கு மட்டும்தான் என்பது இதில் இருக்கிற கஷ்டம். இணைப்பு வந்தபிறகு அக்கா இரண்டு ஹோட்டலுக்கும் மாவு போடுகிறார். சங்கிலி இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, இந்த வருஷம் மீட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.

குழு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவும் இந்த நிறுவனக் குழுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். சுயஉதவிக் குழு முதலில் சேமிக்கும். உறுப்பினர்கள் மாதாமாதம் போடுகிற காசைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்குவார்கள், அந்த வட்டி குழுவுக்கே வரும், அப்புறம்தான் பேங்க் கடன். தமிழ்நாட்டில் இது 1989இல் தர்மபுரியில் ஆரம்பித்தது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் நாடு முழுக்க 500 குழுக்களை பேங்கோடு இணைத்துச் சோதனை பார்த்தது. நிறுவனக் குழுவில் சேமிப்பு இல்லை. ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் ஜவாப்தாரி, அதற்காகத்தான் குழுவே.

அந்த ஜவாப்தாரி எப்படி இருக்கும் என்பதை ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். கணக்கு நோட்டு வாங்கப் போயிருந்தேன். பாயில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் வசூல் தம்பி, மடியில் டேப். ஒருத்தி வரவில்லை. புருஷனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தம்பி சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. "அந்த அமௌன்ட் வந்தாத்தான் நான் மீட்டிங்கை முடிக்க முடியும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள் எழுந்திருக்க முடியாது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வருகிறவள் எழுந்திருக்க முடியாது. கடைசியில் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு முடித்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தி அந்த ஆஸ்பத்திரிக்காரியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவளும் இவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். தம்பிக்கும் மேலே ஒருத்தர் டார்கெட் வைத்திருக்கிறார், அது வேறு கதை.

இது முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஆந்திரா இருக்கிறது. ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன், ஒன்றைக் கட்ட இன்னொன்று, வசூல் நெருக்கடி, தற்கொலைகள். அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் அப்படியே நின்றுபோனது. பிறகு விதிகள் வந்தன. 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி சொல்வது: வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தருவது நுண்கடன், எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, முன்கூட்டியே கட்டினால் அபராதம் இல்லை, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, பேசி வைத்த இடத்தில்தான் வசூல், அடுத்தடுத்து இரண்டு தடவை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வட்டிக்கு இருந்த உச்சவரம்பை அதே விதி எடுத்தும் விட்டது. 2025இல் தமிழ்நாடும் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இதில் பாதி வருமானம் என்கிற விதிதான் காகிதத்தில் நன்றாக இருந்து திண்ணையில் தோற்கிற விதி. மாவுக்கடைக்கு மாத வருமானம் எவ்வளவு? ஐப்பசி மழையில் ஒன்று, சித்திரையில் ஒன்று. படிவத்தில் ஒரு எண் எழுதுகிறார்கள். எந்த எண் எழுதினால் கடன் வருமோ அந்த எண்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பேங்க் பக்கம் ஏன் இன்னும் ஆட்களை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்கலாம். அதே 50,000, அதே 24 மாதம், 11 சதவீதத்தில் என்றால் தவணை 2,330, மொத்த வட்டி 6,000க்குள். குழுவோடு பார்த்தால் 7,500 ரூபாய் மிச்சம். ஒரு முறை நுண்கடனைப் பிசகாமல் கட்டியது கிரெடிட் பீரோவில் ஏறியிருக்கும், அது பேங்கில் பேச உதவும். ஆனால் ஒன்று முடித்தால் உதவும்; மூன்று ஓடிக்கொண்டிருந்தால் அதே பீரோ காலை வாரிவிடும். பேங்குக்கு அலைகிற நாட்களில் கடை பூட்டிக் கிடப்பதையும் அந்த 7,500இல் கழித்துக்கொள்ள வேண்டும். பரோட்டா கடைக்காரருக்கு இரண்டு சாயங்காலம் கடை பூட்டினால் போதும், மிச்சத்தில் ஒரு பெரிய துண்டு போய்விடும்.

இப்போது என் மேஜையில் இருப்பது ஒரு தையல்கடை. பள்ளிச் சீருடை தைப்பவர். சித்திரை, வைகாசியில் துணியும் கூலியும் கையிலிருந்து போகும், பள்ளிக்கூடம் காசு தருவது ஆடி, ஆவணியில். வருஷத்தில் மற்ற மாதங்களில் பிளவுஸும் பேன்ட் ஆல்டரேஷனும்தான். குழுவில் லட்ச ரூபாய் வரைக்கும் தருகிறோம் என்று வந்திருக்கிறார்கள், கை துறுதுறுக்கிறது அவருக்கு. வைகாசி முழுக்கத் தவணைக்குக் காசு எங்கிருந்து வரும் என்று கேட்டதும் கொஞ்சம் அடங்கினார். இவருக்குத் தேவை எடுக்கும்போது எடுத்து, வரும்போது போட்டு, வைத்திருந்த நாளுக்கு மட்டும் வட்டி கட்டுகிற கணக்கு. முத்ராவிலேயே அப்படி நடைமுறை மூலதனத்துக்கு ஒரு கார்டு உண்டு, ரொம்பப் பேர் கேட்டு வாங்குவதில்லை. கேட்டிருக்கிறோம். மேனேஜர் போன இரண்டு வருஷத்துப் பள்ளி ஆர்டர் பில்களைக் கேட்கிறார். தையல்காரரிடம் பில் புக்கே கிடையாது, அளவு நோட்டின் ஓரத்தில் தொகை எழுதி வைத்திருக்கிறார், சிலதில் பள்ளிக்கூடத்தின் பெயர்கூட இல்லை. அந்தப் பள்ளிகளிடமே போய் காசு கொடுத்த விவரம் எழுதி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.